எலைசாவின் மூத்த பிள்ளை

சம்பந்தியம்மா நேயோமி வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருந்த வம்சப் படத்தில் டெஸ்மன் என்ற பெயரைக் கண்டதும், கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டை எங்கே வைப்பதென்று கிளெமென்டுக்குத் தெரியாமல் போயிற்று. கட்டில் விரிப்பு அளவுக்குப் பெரிய தாள். விசிறியை விரித்தாற்போல அரைவட்டம் அரைவட்டமாகப் பெயர்கள். அடியில் நடுவே மருமகன் ஹைரமும் மகள் தனுஷிகாவும். இடதுபுறம் ஹைரமின் முன்னோர். வளையத்துக்கு வளையம் பெருகி, கடைசி வளையத்தில் எழுத்து எறும்பளவாகி, இங்கிலாந்து, டென்மார்க், அமெரிக்கா என்று ஊர்ப்பெயர்களோடு தாளின் விளிம்புவரை நெருக்கியடித்து நின்றார்கள். வலதுபுறம் தனுஷிகாவின் பக்கம். கிளெமென்ட், மனைவி விக்ரோறியா, இருவரின் தாய் தகப்பன், அதற்குமேல் இரண்டொரு பெயர். பிறகு வெறும் வெள்ளை. கூடப்பிறந்தவர்களுக்கென்று கீழே ஓரமாக விட்டிருந்த இடத்தில்தான் டெஸ்மன் இருந்தான். மன்னார், 1991, பக்கத்தில் ஒரு சிறு கோடு. இறந்தவர்கள் எல்லோருக்கும் கோட்டின் இரண்டு பக்கமும் வருடம் இருந்தது. டெஸ்மனின் கோட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை.

நேயோமி பின்னால் வந்து நின்றார். "பிடித்திருக்கிறதா, கிளெமென்ட்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "உங்கள் பக்கம் இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது. ஞாபகம் வருகிற பெயர்களைச் சொன்னால் நான் சேர்த்துக்கொள்வேன்."

"நன்றாக இருக்கிறது," என்றார் கிளெமென்ட். வேறென்ன சொல்வது? நல்ல மனுஷி. அன்பாகத்தான் செய்திருக்கிறார்.

ஜூலை மாதக் கடைசிச் சனிக்கிழமை. ஒக்லாந்தின் பாட்டனி டவுன்ஸில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. நேயோமியின் வீட்டார் மோர்மன் சபைக்காரர். ஒவ்வொரு ஆண்டும் இந்தச் சமயத்தில், தங்கள் முன்னோர் கைவண்டி இழுத்துக்கொண்டு அமெரிக்காவின் வெட்டவெளியைக் கடந்து மலைநாட்டில் போய்க் குடியேறியதை நினைத்து எல்லோரும் கூடிச் சாப்பிடுவார்கள், பழைய கதைகளைச் சொல்வார்கள். அந்த வம்சத்தில் வந்த நேயோமியின் தகப்பன்தான், இளைஞனாக இருந்தபோது சபையின் பள்ளிக்கூடம் கட்டுகிற வேலைக்கென்று நியூசிலாந்துக்கு வந்து, இந்த மண்ணின் மாவோரிக் குடியில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். தாய்வழியில் எங்களுக்குத் தாள் தேவையில்லை, பெரியவர்கள் எழுந்து நின்று பெயர்களை வாயாலேயே சொல்லிவிடுவார்கள், இந்தப் பக்கத்துக்குத்தான் இவ்வளவு தாள் என்று நேயோமி சிரித்துக்கொண்டே சொல்வார்.

அந்த வீட்டில் தேநீரும் கோப்பியும் கிடையாது. அதனால் விக்ரோறியா ஒரு பிளாஸ்கில் பால்தேநீர் கொண்டுவந்து காரில் வைத்திருப்பாள். மகள் இந்தச் சபைக்குப் போனதில் அவளுக்கிருந்த ஒரே வெளிப்படையான குறை அதுதான். நர்சிங் படிக்கத் தனியாக ஒக்லாந்துக்கு வந்த பிள்ளையை, குளிர்காலத்தில் காய்ச்சலாய்க் கிடந்தபோது சோறு கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தவர்கள் இந்தச் சபைக்காரர்தான். பிறகு அவள் அவர்களோடேயே சேர்ந்தாள், ஹைரமைக் கட்டினாள், கல்யாணத்துக்கு வந்த தாய் தகப்பனையும் இங்கேயே வைத்துக்கொண்டாள். "யேசுவத்தானே கும்பிடுறாள்" என்று விக்ரோறியா சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கள் குடியிருக்கும் ஹென்டர்சனில் கிளெமென்டோடு கத்தோலிக்கப் பூசைக்குப் போய் மகளுக்காக ஒரு செபமாலை கூடச் சொல்லுவாள்.

சாப்பாடு முடிகிற சமயம் தனுஷிகா தகப்பனைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்குள் கதைப்பது சின்ன வயதிலிருந்தே அவளுடைய பழக்கம்.

"அப்பா, படத்தில அண்ணான்ர பேரப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"நான் ஒண்டு கேப்பன். நீங்கள் கோவிக்கக்கூடாது."

அவள் சொன்னதை அவர் முழுவதும் கேட்டார். இறந்துபோன ஒருவருக்காக உயிரோடிருக்கும் ஒருவர் தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் பெறலாமாம். அந்த ஆத்மா அதை ஏற்றாலும் ஏற்கும், விட்டாலும் விடும். ஏற்றுக்கொண்டால் மறுமையில் குடும்பத்தோடு சேர்ந்திருக்க வழி திறக்குமாம். மனுக்காவ் மேட்டில் புதிதாய்த் திறந்திருக்கிற சபையின் கோயிலிலேயே செய்யலாம், ஹைரமே டெஸ்மனுக்காக இறங்குவான். ஆனால் பெற்றவர்களில் ஒருவராவது சம்மதம் சொல்லவேண்டும்.

"அண்ணா அங்க காத்துக்கொண்டிருக்கிறார், அப்பா. எனக்கு அது நல்லாத் தெரியுது. நாங்கள் எல்லாரும் உள்ள நிண்டுகொண்டு அவரை மட்டும் வெளியில விடுறதோ?"

"அம்மாட்டக் கேட்டனியோ?"

"அம்மாட்ட எப்பிடிக் கேக்கிறது?" என்றாள் தனுஷிகா.

அதற்குள் நேயோமி எல்லோரையும் கதை கேட்கக் கூப்பிட்டுவிட்டார்.

விக்ரோறியா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தனுஷிகா போய் அவளுடைய காலடியில் கம்பளத்தில் உட்கார்ந்து, நேயோமி நிறுத்தும் இடங்களிலெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். விக்ரோறியாவின் கை மகளின் தலையில் இருந்தது.

நேயோமி சொன்னது தன் கொள்ளுப்பாட்டியின் தாய் எலைசாவின் கதை. எலைசா இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலையில் வேலை செய்தவள். புருஷனோடும் ஐந்து பிள்ளைகளோடும் கப்பலேறி, கப்பல் விட்டிறங்கி, இருந்ததையெல்லாம் ஒரு கைவண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு நடந்தாள். அந்த வருடம் அவர்கள் புறப்பட்டதே பிந்தித்தான். பாதி வழியில் பனி பிடித்துக்கொண்டது. தகப்பனோடு சேர்ந்து வண்டி இழுத்து வந்தவன் மூத்த மகன் வில்லியம், பதினொரு வயது. அவனுக்குக் காய்ச்சல் கண்டது. நோயாளிகளை ஏற்றிக்கொண்டு முன்னால் போன மாட்டுவண்டியில் அவனையும் ஏற்றிவிட்டார்கள். எலைசா தன் போர்வையைக் கழற்றி அவனைச் சுற்றி அனுப்பினாள். இரண்டாம் நாள் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாட்டுவண்டி நின்றது, பிள்ளை இல்லை. வழியிலே முடிந்துவிட்டான் என்றார்கள். உறைந்த நிலத்தை இரண்டு பேர் முடிந்தமட்டும் சுரண்டி, கிடத்தி, கல் அடுக்கிவிட்டு வந்திருந்தார்கள். அதன்மேல் பனி விழுந்துவிட்டது. திரும்பிப் போய்ப் பார்க்கவேண்டுமென்று எலைசா நின்ற இடத்திலேயே நின்றாளாம். மற்ற நாலு பிள்ளைகளும் விறைத்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் அவளைத் தூக்கி வண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தானாம்.

"ஆனால் எங்கள் குடும்பத்தில் இதைச் சொல்வது வேறொரு காரணத்துக்காக," என்றார் நேயோமி. எலைசா மலைப்பள்ளத்தாக்கில் மண்வீடு கட்டினாள், வாய்க்கால் வெட்டினாள், பீச் மரங்கள் வைத்தாள், கிழவியாகும்வரை வாழ்ந்தாள். எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் ஐந்து என்றாள். குடிசனக் கணக்கெடுக்க வந்தவனுக்கும் அதையே சொன்னாள். மூத்தவன் வில்லியம், வயது பதினைந்து, மந்தையோடு போயிருக்கிறான் என்றாள். பத்து வருடம் கழித்து இன்னொருவன் வந்தபோது வில்லியத்துக்கு இருபத்தைந்து வயதாகியிருந்தது. "அதே பெயரில் வேறொரு மகன் இருந்தான் என்று நினைத்து என் அப்பா வருடக்கணக்காய் அந்த வில்லியத்தைத் தேடினார். எந்த ஊருக்குப் போனான், யாரைக் கட்டினான், எங்கே செத்தான் என்று. கடைசியில்தான் விளங்கியது, அப்படி ஓர் ஆளே இல்லையென்று. திருத்திவிட்டோம்."

அறையிலிருந்தவர்கள் மெல்லச் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பில்லை, நெடுநாள் கேட்டுப் பழகிய கதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. தனுஷிகா அந்த இடத்தைத் தமிழில் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. கிளெமென்ட் விக்ரோறியாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு கோயில் கட்டினார்கள், அயலார் எல்லோரும் தங்கள் இறந்தவர்களுக்காகப் போனார்கள், எலைசா மட்டும் போகவில்லை என்று நேயோமி முடித்தார். அவளுடைய மகள் ஆன், தாய் கண்மூடும்வரை பொறுத்திருந்தாள். அடக்கம் முடிந்த அடுத்த மாதமே அண்ணனுக்காகப் போனாள். வம்சப் படத்தில் வில்லியத்தின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு வருடமும் எழுதப்பட்டது அப்போதுதான்.

எல்லோரும் எழும்ப ஆயத்தமானபோது விக்ரோறியா மகளின் தோளைத் தட்டினாள்.

"அந்தப் பொடியனப் புதைச்ச ஆக்கள் வந்து தாயிட்டச் சொன்னவையோ எண்டு கேள்."

தனுஷிகா ஒருகணம் தகப்பனைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள்.

"சொன்னார்களே," என்றார் நேயோமி. "இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எலைசாவின் முன்னால் வந்து நின்று சொன்னார்களாம்."

விக்ரோறியா தலையாட்டினாள். "நல்ல மனுசர்," என்றாள். "எங்களிட்ட ஒருத்தரும் வந்து நிக்கேல்ல."

அதைத் தனுஷிகா மொழிபெயர்க்கவில்லை.

ஹென்டர்சனுக்குத் திரும்பி வரும்போது, மோட்டார்வேயிலிருந்து பார்க்க மேட்டில் அந்த வெள்ளைக் கோயில் தெரிந்தது. விக்ரோறியா பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி ஊதி ஊதிக் குடித்தாள். "பாவம் அந்த மனுசி," என்றாள்.

டெஸ்மனை அவர்கள் கடைசியாகப் பார்த்ததும் ஒரு வண்டியில்தான். சண்டையின் கடைசி மாதங்களில் மன்னாரிலிருந்து ஓடி ஓடி முல்லைத்தீவுக் கரைவரை போயிருந்தார்கள். வழியில் இயக்கம் அவனைப் பிடித்துக்கொண்டு போயிற்று. சில வாரத்தில் தப்பி வந்துவிட்டான். மே மாதத்தில் எல்லாம் முடிந்து சனம் இராணுவத்தின் பக்கம் நடந்தபோது, ஒருநாளாவது இயக்கத்தில் இருந்தவர்கள் வந்து பதியவேண்டும், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பாதிரிமாரும் கூட நின்றார்கள். டெஸ்மன் போய்ப் பதிந்தான். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, முள்ளுக்கம்பிக்கு இப்பால் நின்ற தாயைப் பார்த்து, போய்ச் சாப்பிடுங்கோ என்று கையால் காட்டினான். பஸ் போயிற்று. அதன்பிறகு முகாம் முகாமாய், சிறை சிறையாய், ஆணைக்குழு ஆணைக்குழுவாய் விக்ரோறியா அலைந்தாள். மற்றத் தாய்மாரோடு படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் வெயிலில் இருந்தாள். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று ஒரு கந்தோரில் சொன்னபோது, தாளை மேசைக்கு மேலாகவே திருப்பித் தள்ளி, "உடம்பக் காட்டுங்கோ, வாங்கிறன்" என்றாள். கிளெமென்ட் அவளுக்குப் பின்னால் நின்றார். எல்லா இடத்திலும் அவர் அவளுக்குப் பின்னால்தான் நின்றார்.

மகன் இல்லை என்பது அவருக்கு எப்போது தெரியவந்தது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஒருவரும் வந்து சொல்லவில்லை. ஒருநாள் விடியக் கிணற்றடியில் முகம் கழுவியபோதோ, பஸ்ஸுக்கு நின்றபோதோ, அது உள்ளே இருந்தது. ஏற்கனவே நெடுநாளாக இருந்ததுபோல இருந்தது. அதை அவர் வாயால் சொன்னதில்லை. பூசையில் மரித்தோருக்காக மன்றாடும்போது தலையைக் குனிவார், பெயரைச் சொல்லமாட்டார். சொன்னால் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கேட்டுவிடும் என்று பயம்.

இப்போது இரண்டு பேருக்கும் டெஸ்மன் காத்துக்கொண்டிருந்தான். தாய்க்கு இந்தப் பக்கம், தங்கைக்கு அந்தப் பக்கம். நடுவில் நிற்கும் கிளெமென்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு அடி எடுத்துவைக்க இடமில்லை.

அடுத்த கிழமை தனுஷிகா அவரைத் தேடி வேலையிடத்துக்கே வந்தாள். ஹென்டர்சனில் அலுமினிய ஜன்னல் செய்கிற தொழிற்சாலை. அவருக்குச் சட்டம் அறுக்கிற வேலை. சாப்பாட்டு இடைவேளையில் மழைக்குள் ஓடிவந்து அவளுடைய காரில் ஏறினார். அவள் ஆஸ்பத்திரி உடுப்போடு இருந்தாள். இரவு முழுவதும் வேலை செய்த கண்.

கிளெமென்ட் நாலைந்து நாளாய் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். "எலைசான்ர மகள் தாய் இருக்குமட்டும் பொறுத்தவ எண்டு உன்ர மாமிதானே சொன்னவ. நாங்களும் பொறுப்பம் மகள். அண்ணா எங்கையும் ஓடிப்போறதில்லைத்தானே."

கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அப்ப, அம்மா எப்ப சாவா எண்டு பாத்துக்கொண்டிருக்கச் சொல்லுறீங்களோ, அப்பா?"

அப்படி ஒரு கேள்வி தன் சொல்லுக்குள் இருக்கிறதென்று அவர் நினைத்தே பார்க்கவில்லை.

"எனக்கு அப்ப பன்ரண்டு வயசு," என்றாள். "அண்டையில இருந்து அண்ணா வருவார் வருவார் எண்டுதான் எங்கட வீடு. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அம்மா அவருக்கொரு சேட்டு வாங்கிறா. இஞ்ச வந்தும் வாங்கிறா. ஆள் இப்ப மொத்தமா மெலிவா எண்டு தெரியாமக் கடையில நிண்டு அளவு பாக்கிறா. வருசா வருசம் கொஞ்சம் பெரிசா வாங்கிறா. நானும் பக்கத்தில நிண்டு, இது வடிவாயிருக்கு அம்மா எண்டு சொல்லுறன். அப்பா, நான் அண்ணாவுக்கு இன்னும் அழேல்ல. ஒருக்காக்கூட அழேல்ல. அழுதா அம்மா பாத்திடுவா எண்டு அழேல்ல."

சொல்லும்போதும் அவள் அழவில்லை. அதுதான் கிளெமென்டால் தாங்க முடியாமலிருந்தது. எட்டி அவளுடைய கையைப் பிடித்தார். அவருடைய விரல்களில் அலுமினியத் தூள் ஒட்டியிருந்தது.

"சரி," என்றார்.

"உண்மையாவோ?"

"சரி எண்டுறன் மகள். செய்யுங்கோ."

அவள் தகப்பனின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு தொலைபேசியை எடுத்து, அதில் எதையோ திறந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எந்தத் திகதி எண்டு போட, அப்பா?"

"என்ன திகதி?"

"அண்ணா… அந்தத் திகதி. தெரியாட்டி வருசம் மட்டும் காணும்."

சம்மதம் மட்டும்தான் கேட்பாள் என்று நினைத்திருந்தார். கிளெமென்ட் கார்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். பஸ் போன அன்றைக்கேயா? அடுத்த நாளா? அந்த பஸ்ஸில் போனவர்களில் சிலபேரைப் பிறகும் அங்கே இங்கே கண்டதாகக் கதை வந்துகொண்டுதான் இருந்தது. டெஸ்மனை ஒரு தடுப்பு முகாமில் கண்டேன் என்று ஒருவன் சொன்னான். அவனையும் பிறகு காணவில்லை. எங்கோ ஓர் அறைக்குள் டெஸ்மன் இன்னும் மூன்று வருடம் உயிரோடிருந்திருந்தால்? இரண்டாயிரத்து ஒன்பது என்று சொன்னால் அந்த மூன்று வருடத்தையும் மகனிடமிருந்து பிடுங்குவதாகும். அவனுடைய இருபதாவது வயதைத் தகப்பனே எடுத்துவிடுவதாகும். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு என்று சொன்னால் மூன்று வருடம் அவனை அந்த அறைக்குள் விட்டுவைப்பதாகும். அங்கே என்ன செய்வார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொல்லி அவர் கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? பிறந்த திகதியைக் கொடுத்ததுகூட அவரில்லை, கடவுள் கொடுத்தது. இதைப் போய் இவரிடம் கேட்கிறார்களே.

"அப்பா?"

"ரெண்டாயிரத்தி ஒன்பது," என்றார்.

அவள் தட்டிக்கொண்டாள். அவர் மழைக்குள் இறங்கி உள்ளே போனார். அன்று பின்னேரம் அறுத்த சட்டங்களெல்லாம் கட்டையாகப் போய், மேற்பார்வையாளன் வந்து, சுகமில்லையா, வீட்டுக்குப் போ என்றான். சுகமாய்த்தான் இருக்கிறேன் என்று அவர் நின்று இன்னும் நாலு சட்டத்தைப் பழுதாக்கினார்.

ஞானஸ்நானம் சனிக்கிழமை. மகளுக்குக் கோயிலில் ஏதோ வேலையாம், ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று விக்ரோறியாவிடம் சொன்னார். அவள் ஒன்றும் கேட்காமல் சால்வையை எடுத்துப் போர்த்துக்கொண்டு காரில் ஏறினாள். வேண்டாமென்று சொல்ல அவருக்கு ஒரு சாட்டும் அகப்படவில்லை.

மனுக்காவ் மேட்டில் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. கோயில் புத்தம்புதிதாய், வெட்டிவைத்த கல்போல வெள்ளையாய் நின்றது. புல்லும் பூம்பாத்தியும் அப்போதுதான் சீவி முடித்தாற்போல இருந்தன. சபைக்காரரில் அனுமதி உள்ளவர்கள்தான் உள்ளே போகலாம். கல்யாணத்தின்போதும் அப்படித்தான், தோட்டத்தில் நடந்த பதிவுக்கு முன்வரிசையில் நின்ற கிளெமென்டும் விக்ரோறியாவும் அப்போதிருந்த பழைய கோயிலுக்கு வெளியே காத்திருந்தார்கள். தனுஷிகாவும் ஹைரமும் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். தாயையும் காரில் கண்டதும் தனுஷிகா அப்படியே நின்றுவிட்டாள். ஹைரம் அவளுடைய முதுகில் கைவைத்தான். இருவரும் உள்ளே போனார்கள்.

விக்ரோறியா மடியில் ஒரு பையை வைத்து மண்டரின் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுளையிலும் வெள்ளை நாரை நகத்தால் எடுத்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

கிளெமென்டின் கையில் சுளை இருந்தது.

"மகள் வந்து சொன்னவள். வியாழக்கிழமை, நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு. அவளுக்குப் பொய் சொல்லி வராது."

"அப்ப நீ ஏன் மறிக்கேல்ல?"

"மறிச்சா?" அவள் அடுத்த பழத்தை எடுத்தாள். "மறிச்சா இவளும் போயிடுவாள். எனக்கு இருக்கிறது ரெண்டு பிள்ளையள்."

ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே காரைக் கடந்து போயிற்று. ஆண்கள் எல்லோரும் கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்கள்.

"எந்தத் திகதி சொன்னனீங்கள்?" என்று விக்ரோறியா கேட்டாள்.

"திகதி சொல்லேல்ல. வருசம் மட்டும்தான்."

"எந்த வருசம்?"

அவர் சொன்னார். சொல்லும்போது கோயில் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப அவனுக்குப் பதினெட்டு," என்றாள். பழத்தோலை மடித்துப் பைக்குள் போட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு எதையாவது பிடித்துக்கொள்ளக் கிடைத்திருக்கும். "நீங்கள் பதினெட்டில நிப்பாட்டிப் போட்டியள். எனக்கு அவனுக்கு இப்ப முப்பத்தி நாலு."

"விக்ரோறியா…"

"நான் ஒண்டும் சொல்லேல்ல. அவை தண்ணி வாக்கட்டும். உயிரோட இருக்கிறவனுக்குத் தண்ணி பட்டா என்ன, குளிரும். அவ்வளவுதானே."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் இல்லை விக்ரோறியா என்று சொல்லலாம். இத்தனை வருடமும் உள்ளே இருந்ததை இப்போது, கதவு மூடிய இந்தக் காருக்குள், காற்றுச் சத்தத்துக்குள் சொல்லலாம். மகளிடம் ஒரு வருடத்தின் எண்ணாகச் சொல்ல முடிந்தது. மனைவியிடம் ஒரு சொல்லாகச் சொல்ல வாய் வரவில்லை. விக்ரோறியா அவருடைய முகத்தைப் பார்த்தாள். வெகு நிதானமாகப் பார்த்தாள். அவருக்குத் தெரிந்திருப்பது அவளுக்கும் தெரியும் என்றும், நெடுங்காலமாகத் தெரியும் என்றும் அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று.

"பழத்தச் சாப்பிடுங்கோ," என்றாள்.

அவர் சுளையை வாயில் போட்டார். புளிப்பா இனிப்பா என்று தெரியவில்லை.

கோயில் கதவு திறந்து ஹைரம் முதலில் வந்தான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கழுத்துப்பட்டி, ரக்பி ஆடிய அகன்ற தோள். தலை நன்றாய்த் துவட்டாமல் ஈரமாக இருந்தது. அவனுக்குப் பின்னால் தனுஷிகா வந்து வாசல் தூணருகிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய முகம் வீங்கியிருந்தது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அழுவதுபோல அழுதுகொண்டிருந்தாள். கிளெமென்ட் காரை விட்டு இறங்கினார். அவளிடம் போகவேண்டும் என்று நினைத்தார். மறுபக்கத்துக் கதவும் திறந்தது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கதவைப் பிடித்தபடி நின்றார்.

ஹைரம் நேரே அவரிடம் வந்தான். அவனுக்கும் கண் சிவந்திருந்தது. "பெயரைச் சரியாகச் சொன்னார்கள், அப்பா," என்றான் ஆங்கிலத்தில். அப்பா என்ற சொல்லை மட்டும் எப்போதும் தமிழில் சொல்வான். "முழுப்பெயரும். நான் முதலிலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன்."

அதற்குள் விக்ரோறியா காரைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்ன இது? ஈரத்தலையோட வந்து காத்தில நிக்கிறாய்? குனி."

அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் சால்வையை உருவிக் கையில் எடுத்ததைப் பார்த்து, உயரமான உடம்பை மடக்கிக் குனிந்தான். விக்ரோறியா சால்வையை அவன் தலையில் போட்டு இரண்டு கையாலும் அழுத்தித் துவட்டினாள். காதுக்குப் பின்னால் துடைத்தாள். பிடரியைத் துடைத்தாள். "வளந்த ஆம்பிளை, தலை துடைக்கத் தெரியாதோ, சளி பிடிச்சா ஆர் பாக்கிறது" என்று ஏசினாள். என்ன சொல்கிறார் என்று கேட்பதுபோல ஹைரம் சால்வைக்கு அடியிலிருந்து கிளெமென்டைப் பார்த்தான். கிளெமென்டால் மொழிபெயர்க்க முடியவில்லை.

காற்று சால்வையை இழுத்துத் தரையில் போட்டது. முடி காய்ந்துவிட்டது. விக்ரோறியா வெறுங்கையாலேயே துவட்டிக்கொண்டிருந்தாள். ஹைரம் முழங்காலில் கை ஊன்றி, அசையாமல் குனிந்து நின்றான்.